நூலகத்தைவிடப் பெரியவை அந்தப் பள்ளிகள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மெக்சிகோவின் கட்டடக் கலைஞர் ஹுவான் ஓ'கோர்மனின் பெயருக்குப் பெருமை சேர்ப்பது பல்கலைக்கழக நூலகமா, அவர் கட்டிய தொடக்கப் பள்ளிகளா என்பது இன்றைய வழக்கு. பள்ளிகளே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நூலகத்தை வருணித்தபோது நானும் கைதட்டினேன். மெக்சிகோ நகரில் 1950களில் எழுந்த கட்டடம் அது. சுமார் 4,000 சதுர மீட்டர் சுவரில், நாட்டின் பல மூலைகளிலிருந்து தேடிக் கொண்டுவந்த வண்ணக் கற்களைப் பதித்து, ஒரு தேசத்தின் கதையையே சொல்லியிருக்கிறார். அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஐயா, அந்த வாசலை மிதிக்க வேண்டிய பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்க முதலில் ஓர் இடம் வேண்டாமா?

1932ஆம் ஆண்டுக்கு வாருங்கள். கல்வி அமைச்சர் நார்சிசோ பாசோல்ஸ், முப்பது வயதைக்கூட எட்டாத ஓ'கோர்மனிடம் பள்ளி கட்டும் பொறுப்பை ஒப்படைக்கிறார். ஒதுக்கிய தொகை பத்து லட்சம் பெசோ. அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட புதிய பள்ளிகள் எழுந்தன. பழைய பள்ளிகள் பலவும் சீராயின. எப்படி முடிந்தது? மூன்று மீட்டரை அடிப்படை அளவாக வைத்துக்கொண்டார். கான்கிரீட் சட்டகம், இரும்புச் சட்டமிட்ட அகலமான ஜன்னல்கள், தட்டையான கூரை. முகப்பில் ஒரு பூவேலை கிடையாது. அலங்காரத் தூணுக்குப் போக வேண்டிய பணம் இன்னொரு வகுப்பறையாக நின்றது!

அந்தப் பள்ளிகளை "வெறும் பெட்டிகள்" என்றார் எதிரணித் தோழி. அம்மா, புகழின் உச்சியில் இருந்த ஓவியர் டியேகோ ரிவேராவுக்கும் அவர் மனைவி, ஓவியர் ஃப்ரீடா காலோவுக்கும் மெக்சிகோ நகரின் சான் ஆங்ஹெல் பகுதியில் ஓ'கோர்மன் கட்டிய இரட்டை வீடுகளை நினைத்துப் பாருங்கள். உள்ளே நிமிர்ந்து பார்த்தால் பூச்சில்லாத கூரை, மறைக்காத மின்கம்பிகள். வேலியாகக் கள்ளிச் செடி. மேதைகளுக்குத் தந்த அதே சிக்கனத்தையும் ஒழுங்கையும்தான் ஏழைக் குழந்தைக்கும் தந்தார். ஏழைக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்று என்று அவர் பிரிக்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனதே இதனால்தான்.

1933இல் மெக்சிகோ கட்டடக் கலைஞர் சங்கம் நடத்திய விவாதத்திலும் அவர் இதைத்தான் வற்புறுத்தினார். ஆளுக்கு ஆள் மாறுகிற ரசனையை அளக்க முடியாது. வெளிச்சமும் காற்றும் கூரையும் எல்லோருக்கும் பொதுவான தேவை, அவற்றை அளந்து கட்ட முடியும் என்பது அவர் கட்சி. மூத்தவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அவர் அசையவில்லை.

"அவரே பின்னால் கட்டடத் தொழிலை விட்டு ஓவியத்துக்குப் போனாரே?" என்று கேட்டீர்கள். போனார். பிற்காலத்தில் வேறு பாணியை நாடியதும் உண்மை. ஆனால் எதைக் கண்டு வெறுத்துப்போனார்? குறைந்த செலவில் பள்ளி கட்ட அவர் கண்ட வழியைக் கட்டட வியாபாரிகள் கையிலெடுத்து, குறைந்த செலவில் வீடு கட்டிக் கொழுத்த லாபம் பார்த்தார்களே, அதைக் கண்டு. அந்தக் குற்றத்தை வியாபாரிகள் தலையில் சுமத்துங்கள். பள்ளிகள் மேல் ஏற்றாதீர்கள். எங்கள் பக்கம் தீர்ப்பளியுங்கள், நடுவர் அவர்களே. நன்றி.