முதலில் எதிர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்

(ஸ்டுட்கார்ட் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: "ஜெர்மனியில் நாம் நிலைகொள்ளப் பெரிதும் துணை நிற்பது நம்மவர் கூட்டமா, இந்த நாட்டு மொழியும் அக்கம்பக்கமுமா?" இரண்டாவது அணியின் உரை.)

நடுவர் அவர்களே, மூச்சுவிடாமல் பேசி முடித்து இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணன்மார்களே, சாப்பாட்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எதிரணியின் முதல் பேச்சாளர் இந்த மண்டபத்தையே சாட்சிக்கு அழைத்தார். "இத்தனை தமிழர்கள் கூடியிருக்கிறோமே, இதைவிடப் பெரிய துணை எது?" என்று கேட்டார். கைதட்டல் பலமாகக் கிடைத்தது. நானும் தட்டினேன். ஆனால் அண்ணா, இந்த மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? மண்டபக் காப்பாளரான ஜெர்மானியரிடம் இருக்கிறது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, குப்பையைப் பிரித்துப் போட வேண்டும், நாற்காலிகளை இருந்தபடியே அடுக்க வேண்டும் என்று ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைப் படித்து, அவரோடு பேசி, கையெழுத்துப் போட ஒருவர் விழாக் குழுவில் இருந்தார். அதனால்தான் நாம் உள்ளே நின்று கைதட்டுகிறோம். இல்லாவிட்டால் இந்த ஜனவரிக் குளிரில் வாகன நிறுத்துமிடத்தில் பட்டிமன்றம் நடந்திருக்கும்.

இரண்டாவது பேச்சாளர், "வந்திறங்கிய இரவில் சோறும் ரசமும் கொடுத்தது யார்?" என்று உருகினார். மறுக்கவில்லை. எனக்கும் கொடுத்தார்கள். அந்த ரசத்தை மறந்துவிட்டுப் பேச நான் வரவில்லை. ஆனால் நடுவர் அவர்களே, தலைப்பு வந்திறங்குவதைப் பற்றியது அன்று, நிலைகொள்வதைப் பற்றியது. ரசம் காப்பாற்றியது முதல் இரவை. அதற்கு அடுத்த நாள் காலையிலிருந்து தொடங்குகிறது என் அணியின் வாதம்.

அடுத்த நாள் காலையில் என்ன நடக்கிறது? வீடு கிடைத்துக் குடியேறினால் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். பதிந்த பிறகுதான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். தபால் உங்கள் கையில் சேர வேண்டுமானால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. அழைப்பு மணியில் இருக்கும் பெயர்தான் முகவரி. நம் ஊர்த் தபால்காரர் "அந்த வேப்பமரத்து வீடு" என்று தேடி வந்துவிடுவார்; இங்கே பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். நம்மில் பலருடைய பெயர் அந்தச் சிறிய சீட்டில் அடங்காது என்பது வேறு கதை.

பெயரை ஒட்டியாயிற்று. நீங்கள் வெளியே போயிருக்கும்போது பார்சல் வருகிறது. பார்சல்காரர் என்ன செய்கிறார்? எதிர் வீட்டிலோ மாடி வீட்டிலோ கொடுத்துவிட்டு, உங்கள் பெட்டியில் ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போகிறார். மாலையில் அந்தச் சீட்டோடு நீங்கள் போய்க் கதவைத் தட்ட வேண்டும். இந்த நாட்டில் அறிமுகம் பிறக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. இங்கே எவ்வளவு பேர் அந்தச் சீட்டைக் கணவர் கையிலோ மனைவி கையிலோ திணித்து, "நீயே போய் வாங்கிக்கொண்டு வா" என்று தள்ளிவிடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரிக்கிறீர்கள் அல்லவா, போதும்.

இப்போது கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். எதிரணியில் பேசிய இருவரும் ஆண்கள். இருவரும் கார் தொழிலில் மென்பொருள் எழுதுகிறவர்கள். "எங்கள் அலுவலகம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது, ஜெர்மன் எதற்கு?" என்றார்கள். அலுவலகம் ஆங்கிலத்தில் நடக்கிறது, சரி. வீடு எந்த மொழியில் நடக்கிறது என்று அண்ணிமார்களைக் கேட்டீர்களா?

ப்ளூ கார்டு, அதாவது உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான குடியிருப்பு அனுமதி, வைத்திருப்பவரின் துணைவருக்கு விசா வாங்க ஜெர்மன் தேர்வு தேவையில்லை. வந்ததும் வேலை பார்க்கவும் அனுமதி உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் நாமக்கல்லில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் இங்கே வந்தால், வேலை செய்யலாம் என்று அனுமதி இருக்கிறது, வேலை கொடுக்கிறவர் ஜெர்மனில் கேள்வி கேட்கிறார். அவள் வீட்டில் இருக்கிறாள். கணவர் ரயிலேறிப் போன பிறகு அந்தக் கதவைத் தட்டுகிறவர்கள் யார்? ஹீட்டர் பார்க்க வருகிறவர், மீட்டர் படிக்க வருகிறவர், பார்சல்காரர். குழந்தை பிறந்திருந்தால் மருத்துவச்சி. பிரசவத்துக்குப் பிறகு 12 வாரம் வரை மருத்துவச்சி வீட்டுக்கே வந்து பார்க்கிற செலவை அரசுசார் மருத்துவக் காப்பீடு ஏற்றுக்கொள்கிறது. அம்மா பக்கத்தில் இல்லாத பெண்ணுக்கு இதைவிடப் பெரிய துணை என்ன இருக்கிறது? அவர் உட்கார்ந்து கேட்கிறார்: தையல் வலிக்கிறதா, பால் போதுகிறதா, தூங்க முடிகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா? இதற்கெல்லாம் கணவர் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் மொழிபெயர்ப்பாரா? "ஆமாம், அழுகை வருகிறது" என்று தன் வாயால் சொல்ல வேண்டிய பெண், சொல் கிடைக்காமல் தலையாட்டி அவரை அனுப்பிவிடுகிறாள்.

"ஏன், நம்மவர்களிடம் சொல்லலாமே" என்பீர்கள். சொல்லலாம். சொன்னால் அடுத்த வாரம் ஊரில் இருக்கும் மாமியாருக்குத் தெரிந்துவிடும். நம்மவர் கூட்டத்தின் அருமையைச் சொன்னவர்கள் அதன் பாரத்தைச் சொல்லவில்லை. யார் வீடு வாங்கினார், யாருக்குச் சம்பளம் ஏறியது, யார் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது என்ற கணக்கு வழக்கெல்லாம் விமானத்தில் நம்மோடு கூடவே வந்து இறங்கிவிட்டது. மொழி தெரியாத மருத்துவச்சியிடம் பேச முடியாது, மொழி தெரிந்த நம்மவரிடம் பேசக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் எங்கே போவாள்?

கிண்டர்கார்டனில் பிள்ளையைச் சேர்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். முதல் நாளே விட்டுவிட்டு ஓடிவர முடியாது. தாயோ தகப்பனோ வகுப்பறை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். சில நாள் கூடவே இருந்த பிறகு, சில நிமிடம் வெளியே போய் வர வேண்டும். அப்புறம் அரை மணி நேரம். இது வாரக்கணக்கில் நடக்கும். எதிரணி துள்ளி எழுவது தெரிகிறது: "பார்த்தீர்களா, சொந்தம் பக்கத்தில் இருந்தால்தான் குழந்தையே ஊன்றுகிறது!" தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள் அண்ணா. ஆனால் அந்த ஏற்பாடு முழுவதும் தாய் எழுந்து வெளியே போவதற்காகச் செய்யப்படுகிறது. நம்மவர் கூட்டத்துக்கு நானும் அந்த ஓரத்து நாற்காலியைத்தான் தருகிறேன். பத்து வருடம் கழித்தும் அதிலேயே உட்கார்ந்திருந்தால் ஆசிரியை நம்மைப் பார்த்து என்ன நினைப்பார்?

அடுத்து, எதிரணி புகழ்ந்து தள்ளிய வாட்ஸ்அப் குழு. "எந்தச் சந்தேகம் என்றாலும் ஐந்து நிமிடத்தில் பதில்" என்றார்கள். ஐந்து நிமிடத்தில் பதினைந்து பதில் வரும், அதுதான் தொல்லை. இந்திய ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேச அனுமதி இருந்தால் ஒரு வருடம் ஓட்டலாம் என்று நமக்குள் ஒரு நம்பிக்கை உலவுகிறது. இங்கே குடியேறிய நாளிலிருந்து பொதுவாக 6 மாதம்தான். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் எழுதி ஜெர்மன் உரிமம் வாங்க வேண்டும். மீறி ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டிய குற்றம். அப்போது குழுவில் பதில் போட்டவர் காவல்நிலையத்துக்கு வருவாரா? ஒரு கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

இனி எதிரணியின் மிகப் பெரிய ஆயுதம், ஹம் நகரக் காமாட்சி அம்மன் கோயில். அந்தப் பெயரை இங்கே யார் சொன்னாலும் எனக்கு மரியாதை வருகிறது. 1983க்குப் பிறகு போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்கள் கையில் ப்ளூ கார்டோடு வரவில்லை. அகதி மனு முடிவாகும்வரை, ஒதுக்கிய எல்லையைத் தாண்டுவதற்கே அனுமதி கேட்க வேண்டியிருந்தவர்கள். 1989இல் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தொடங்கிய வழிபாடு, 2002இல் கோபுரத்தோடு குடமுழுக்குக் கண்டது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். "இது நம்மவர் கூட்டத்தின் சாதனை இல்லையா?" என்றார் முதல் பேச்சாளர்.

பக்தியும் பணமும் கூட்டத்தினுடையவை. ஆனால் இந்த நாட்டில் கட்டட அனுமதி இல்லாமல் ஒரு மாட்டுக் கொட்டகைகூட எழாது. தேர் தெருவில் உருள நகராட்சியோடும் காவல்துறையோடும் பேசியாக வேண்டும். சட்டப்படி பதிந்த சங்கம் வேண்டும், அதன் விதிகளை ஜெர்மனில் எழுத வேண்டும். அக்கம்பக்கத்தோடு பேசத் தெரிந்த தமிழர்கள் கட்டிய கோயில் அது. எங்கள் அணிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கொண்டுவந்து கொடுத்த எதிரணிக்கு நன்றி.

அந்தத் தலைமுறையிடம் ஒரு வலியும் உண்டு. அவர்களுக்கு மொழி படிக்க வாய்ப்பும் நேரமும் கொடுக்கப்படவில்லை. அதனால் பல வீடுகளில் பள்ளிக்குப் போகும் பிள்ளையே அலுவலகத்தில் மொழிபெயர்த்தது. மருத்துவர் சொல்வதை அம்மாவுக்குச் சொல்லும் பத்து வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். நல்ல செய்தியாக இருந்தால் பரவாயில்லை. கெட்ட செய்தியை எந்த முகத்தோடு சொல்லும்? அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு நகரின் முதியோர் கல்விக் கூடத்தில் மாலை வகுப்பு இருக்கிறது.

இன்னொரு சாட்சி, எதிர்த்திசையிலிருந்து. 1706ஆம் ஆண்டு ஜூலையில் சாக்சனியைச் சேர்ந்த ஒரு ஜெர்மானியர், டேனிஷ் மன்னர் அனுப்பித் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பார்த்தலோமேயு சீகன்பால்கு. மதம் பரப்ப வந்தவர். அந்த நோக்கத்தில் உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவர் ஊன்றிய வழியைப் பாருங்கள். திண்ணைப் பள்ளி ஆசிரியரை வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். சில ஆண்டுகளில் தமிழிலேயே பேசினார், எழுதினார், அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் நூல் அச்சிட்டார். 1719இல் இறந்து அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டார். இடையில் அவரைப் பிடித்து நான்கு மாதம் சிறையில் அடைத்தது யார் தெரியுமா? நம் ஊர்க்காரர்கள் இல்லை. கோட்டையில் இருந்த டேனிஷ் தளபதி. நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்: சிறையில் போட்டது கடல் கடந்து வந்திருந்த ஐரோப்பியக் கூட்டம், எழுத்துச் சொல்லிக் கொடுத்தது அக்கம்பக்கம்.

"ஜெர்மானியர்கள் சிரிக்கவே மாட்டார்கள், அவர்களோடு எப்படிப் பழகுவது?" என்று ஒரு குறை. நாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மிக்சியை ஓடவிட்டுத் தேங்காய்ச் சட்னி அரைத்தால் எப்படிச் சிரிப்பார்கள்? ஞாயிறு இங்கே ஓய்வு நாள், கடைகளே பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமை அரைத்து வைத்துவிடுங்கள்.

இந்த ஸ்டுட்கார்ட்காரர்களின் மனதுக்குள் நுழைய ஒரு குறுக்கு வழி இருக்கிறது, அதன் பெயர் கேர்வோகே. வீட்டுக்கு வீடு முறை வைத்துப் படிக்கட்டையும் நடைபாதையையும் பெருக்கும் வாரம். அந்தந்த வாரம் யார் முறையோ அவர் கதவில் அட்டை தொங்கும். அவரவர் கழிவை வாரந்தோறும் அகற்ற வேண்டும் என்று இந்த நகரம் 1492லேயே ஆணையிட்டது. இன்று அந்த வழக்கம் நம் வாடகை ஒப்பந்தத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. பலர் இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். விடியலில் வாசல் தெளித்துக் கோலம் போட்ட பரம்பரைக்குப் படிக்கட்டு பெருக்குவது இழுக்கா? அட்டை தொங்கும் வாரம் துடைப்பத்தோடு கீழே இறங்குங்கள். மேல் வீட்டுப் பாட்டி நின்று பார்ப்பார். மூலையில் விட்டுப்போன தூசியைச் சுட்டிக்காட்டுவார். அது திட்டு இல்லை, இந்த ஊர்ப் பாணியில் நலம் விசாரிப்பு. அன்றைக்குத் தொடங்குகிறது பேச்சு.

சலுகைக் கணக்கு கேட்கிற எதிரணிக்கு ஒரே வரி: ப்ளூ கார்டுக்காரர் நிரந்தரக் குடியிருப்புக்கு மற்றத் தகுதிகளோடு ஏ1 என்னும் தொடக்கநிலை ஜெர்மன் வைத்திருந்தால் 27 மாதம், பி1 என்னும் இடைநிலை ஜெர்மன் வைத்திருந்தால் 21 மாதம். பி1 படித்தவருக்கு இந்த அரசாங்கமே ஆறு மாதம் முன்னதாகக் கதவைத் திறக்கிறது.

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச வருகிறவர் எதிரணித் தலைவர். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே வீட்டில் இருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். அண்ணா, உங்கள் வாதத்தைத் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் எதிர் வீட்டு அழைப்பு மணியில் என்ன பெயர் எழுதியிருக்கிறது? நடுவர் அவர்களே, அவர் சொல்லிவிட்டால் தீர்ப்பை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.