சங்கத்துக்கு ஒரு கணினிப் பட்டதாரி

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, பிரதம விருந்தினராக வந்திருக்கும் கூட்டுறவுத் திணைக்கள அதிகாரி அவர்களே, பல்கலைக்கழக விரிவுரையாளர்களே, பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் தலைவர்களே, முகாமையாளர்களே, பட்டதாரிப் பிள்ளைகளே, அவர்களைப் பெற்றவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பிரதம விருந்தினருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். காலையில் கிளிநொச்சியில் ஒரு கூட்டம், மாலையில் பருத்தித்துறையில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் எங்களுக்காக வந்திருக்கிறார். போன முறை வர முடியாமல் போனதற்கு மேடை ஏறும் முன்பே என்னிடம் மன்னிப்பும் கேட்டார். அதிகாரி ஒருவர் மன்னிப்புக் கேட்டதை என் கூட்டுறவுச் சேவைக் காலம் முழுவதிலும் நான் கண்டதில்லை. ஒலிபெருக்கி தந்து உதவிய தம்பிக்கும், பின்னால் நின்று தேநீர் ஊற்றும் மகளிர் சங்கத்துக்கும் நன்றி.

எனக்குத் தந்த தலைப்பு, கணினி படித்த பிள்ளைகளுக்கு ஏன் முதல் வேலை கிடைப்பதில்லை என்பது. மூன்று விடயம் பேசப் போகிறேன். உலகத்தில் என்ன நடந்தது, பாடத்திட்டத்தில் என்ன குறை, நாங்கள் என்ன செய்யலாம்.

முதலில் எங்கள் ஆச்சி அடிக்கடி சொல்லும் ஒரு பழமொழி. கலியாணம் செய்தால்தான் விசர் தெளியும், விசர் தெளிந்தால்தான் கலியாணம். வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களைப் பாருங்கள். ஆரம்ப நிலை வேலை என்று மேலே போட்டுவிட்டுக் கீழே இரண்டு வருட அனுபவம் தேவை என்று எழுதுகிறார்கள். அனுபவம் இருந்தால் வேலை, வேலை இருந்தால் அனுபவம். ஆச்சி கொம்பியூட்டரைக் கண்ணால் கண்டதில்லை.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் வந்த நோய் இல்லை. 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 11,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. 2023 ஜனவரியில் கூகிள் 12,000 பேர், அமேசன் 18,000 பேர் என்று அறிவித்தன. கொரோனாக் காலத்தில் அள்ளி எடுத்தார்கள், வட்டி ஏறியதும் கிள்ளி எறிந்தார்கள். அதற்கு முன்பே, 2022 நவம்பர் 30 இல், சட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலி வெளிவந்தது. முன்பு புதிதாகச் சேரும் பொடியனிடம் கொடுக்கும் சில்லறை வேலைகள், சின்னப் பிழை திருத்துவது, சோதனை நிரல் எழுதுவது, இவற்றில் ஒரு பகுதியை இப்போது மெசின் செய்கிறது. நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கி 2025 இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் புதிதாகப் பட்டம் பெற்றவர்களில் கணினி விஞ்ஞானம் படித்தவர்களுக்கு வேலையின்மை 6.1 வீதம், கணினிப் பொறியியலுக்கு 7.5 வீதம். கலை வரலாறு படித்தவர்களுக்கு 3 வீதம்! மருதனார்மடத்தில் நுண்கலை படிக்கும் மகளை ஏசிக்கொண்டிருக்கும் தகப்பன்மார் இந்தக் கணக்கைக் கொஞ்சம் எழுதிக்கொண்டு போங்கள்.

எங்கள் நாட்டில் இன்னொரு கோணல் உண்டு. 2022 இல் நாடு வங்குரோத்து ஆனது. 2023 ஜனவரியிலிருந்து வருமான வரி 36 வீதம் வரை போனது. கை தேர்ந்த மென்பொருள்காரர் பலர் விமானம் ஏறிவிட்டார்கள். பழக்குவதற்கு மூத்தவர் இல்லாத இடத்தில் புதியவரை யார் எடுப்பார்? வெளிநாட்டு வாடிக்கையாளர் மணித்தியாலக் கணக்கில் காசு கொடுக்கிறார், படிக்கிற பிள்ளைக்கு அவர் ஏன் கொடுக்க வேண்டும்?

சரி, ஒரு கதை சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பொடியன், பெயர் வேண்டாம். கம்பஸில் கணினி விஞ்ஞானம், நல்ல சித்தி. பதினான்கு மாதம் வீட்டில். நூற்று அறுபது இடத்துக்கு விண்ணப்பித்தான், பதில் வந்தது ஏழு. ஒரு தடவை கொழும்பு நிறுவனம் ஒன்றின் இன்டர்வியூ, சூமில். சேட்டும் கழுத்துப்பட்டியும் மேலே, சாரம் கீழே. நடுவில் அம்மம்மா வந்து, "ஆரோட தம்பி கதைக்கிறாய், சாப்பிட்டாரோ எண்டு கேள்" என்றாராம். அந்தப் பக்கம் இருந்தவரும் தமிழர், சாப்பிட்டேன் அம்மா என்று சொல்லிவிட்டு, அனுபவம் போதாது என்று வைத்துவிட்டார்.

அடுத்த நாள் அவன் மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கக் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போனான். மனேச்சர் இருப்புப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு தலையில் கை வைத்திருந்தார். மாதாமாதம் ஒன்றரைக் கிலோ சீனி குறைகிறது. கணக்காய்வுக்கு என்ன எழுதுவது? எறும்பின் பேரில் எழுதினார்கள், சாக்குக் கிழிந்தது என்று எழுதினார்கள். விற்பனையாளர் பிள்ளை அழுதுகொண்டு நின்றாள். பொடியன், நான் ஒருக்கால் பார்க்கட்டோ என்றான். புண்ணாக்கை மறந்துவிட்டான். பழைய லப்டொப் ஒன்றைக் கொண்டுவந்து, பற்றுச்சீட்டுகளை எல்லாம் ஏற்றி, தினமும் மாலையில் சீனியை நிறுத்துப் பதியச் சொன்னான். தராசில் எண் வாசிப்பது மனேச்சர், தட்டுவது இவன். மூன்று மாதம் இப்படியே போனது. ஊரில் எல்லோரும் சிரித்தார்கள், பட்டம் எடுத்தவன் சீனி நிறுக்கிறான் என்று. மூன்றாவது மாதம் திரையில் வரைபடம் வந்தது. சீனி குறைவது செவ்வாய்க்கிழமைகளில். எந்தச் செவ்வாய்? நிர்வாகக் குழுக் கூட்டம் நடக்கும் செவ்வாய்! தலைவர்மாரே, சிரிக்காதீர்கள், உங்கள் தேநீர்தான்.

பிறகு அவன் மருந்துப் பகுதிக்கும் மண்ணெண்ணெய்க்கும் பதிவு செய்து கொடுத்தான். ஒன்பது மாதத்தில் மனேச்சர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அடுத்த இன்டர்வியூவில் கேட்டவர்கள் வேறொன்றும் கேட்கவில்லை, சீனிக் கதையைத்தான் இரண்டு தரம் சொல்லச் சொன்னார்கள். வேலை கிடைத்தது. விசர் தெளிந்தது. போன ஆவணியில் உண்மையான கலியாணமும் நடந்தது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு பல நோக்குக் கூட்டுறவுச் சங்கமும் வருடத்துக்கு ஒரு கணினிப் பட்டதாரியை எடுக்க வேண்டும். ஒரு வருடம், ஒரு சிறு கொடுப்பனவு, மனேச்சரின் கடிதம். நாங்கள் நிற்கும் இந்த மண்டபமே கூட்டுறவாளர் வீரசிங்கத்தின் பெயரைத் தாங்கியது. 1936 இல் மூளாயில் கூட்டுறவு முறையில் வைத்தியசாலை தொடங்கியவர்கள் எங்கள் ஆட்கள். மலையாள நாடான கேரளத்துக்குப் புகையிலை விற்கச் சங்கம் கட்டியவர்களும் எங்கள் ஆட்கள். வைத்தியசாலை நடத்தத் துணிந்த ஊருக்கு ஒரு பொடியனை வைத்திருக்கத் துணிவில்லையா? பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்தவருக்கும் இது இடைஞ்சல் இல்லை. கிடைக்காதவருக்கு வீட்டில் இருந்து வானத்தைப் பார்ப்பதை விட மேல். சம்பளம் எங்கிருந்து என்று கேட்பீர்கள். சங்கங்களின் இலாபத்தில் ஒதுக்கும் நிதிகள் எதற்கு இருக்கின்றன? அதிகாரி அவர்களே, சுற்றறிக்கை ஒன்று உங்கள் கையில்.

பாடத்திட்டத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன். விரிவுரையாளர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள், அதை அவர்களே நன்றாகச் சொல்வார்கள். தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஐ.ரி. மாப்பிள்ளை என்று சீதனப் பேச்சில் பட்டத்தை ஏற்றி வைத்துவிட்டு, பொடியன் சங்கக்கடையில் நிற்கிறான் என்றால் வெட்கப்படாதீர்கள். கலியாணம் செய்தால்தான்... சரி, ஆச்சியை மூன்றாம் தரமும் இழுக்கவில்லை.

கதையில் வந்த மனேச்சர் இரண்டாவது வரிசையில், நீலச் சேட்டோடு இருக்கிறார். சங்கங்கள் நிரப்ப வேண்டிய படிவங்கள் அவரிடம் உள்ளன. பேனை கொண்டு வராதவர்களுக்கு அவரே தருவார், ஆனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதுவும் இருப்பில் பதிந்தது.