கவுன்சிலரிடம் எதைக் கேட்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கவுன்சிலர் நல்லவரா இல்லையா என்று நம் ஊரில் எப்படி முடிவு செய்கிறோம்? கல்யாணத்துக்கு வந்தாரா, துஷ்டி வீட்டில் தலையைக் காட்டினாரா, போன் அடித்தால் எடுக்கிறாரா என்று பார்க்கிறோம். மூன்றும் நல்ல குணங்கள்தான், நான் குறை சொல்லவில்லை. மன்றக் கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தாரா என்பதை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. நகராட்சி அலுவலகத்தில் மன்றக் கூட்டத்துக்கு ஃபைல் தயார் செய்கிற சீட்டில் பல காலம் இருந்தவன் நான். அதனால் அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப் போகிறேன்.

நம் குமரி மாவட்டத்தில் நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது. 52 வார்டுகள், 52 கவுன்சிலர்கள். பத்மநாபபுரம், குழித்துறை, குளச்சல், கொல்லங்கோடு போன்றவை நகராட்சிகள். நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது கவுன்சிலரை மட்டும்தான். மேயரையும் நகராட்சித் தலைவரையும் கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆணையர் அரசு நியமிக்கும் அதிகாரி. மன்றம் தீர்மானம் போடும், ஆணையர் அதை நிறைவேற்றுவார். இதுதான் அடிப்படை ஏற்பாடு.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பே கவுன்சிலர் வீட்டுக்கு ஒரு கட்டுக் காகிதம் போய்ச் சேரும். அதுதான் அஜெண்டா. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண், கீழே அலுவலகக் குறிப்பு, கடைசியில் 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது' என்ற வரி. எந்தத் தெருவில் கழிவுநீர் ஓடை கட்டுவது, அதற்கு மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்தப்புள்ளியில் யார் எவ்வளவு குறைத்துக் கேட்டார், சந்தைக் கடைகளின் ஏலம் என்ன தொகைக்குப் போனது எல்லாம் அதில் இருக்கும். நம் வரிப்பணம் எங்கே போகிறது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் காகிதம் வேறு கிடையாது.

அதில் கவனிக்க வேண்டிய ஒரு வகைப் பொருள் உண்டு. குடிநீர் மோட்டார் திடீரென்று பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் வரும்வரை காத்திருக்க முடியாது. மன்றத்தின் ஒப்புதலை எதிர்நோக்கிச் செலவு செய்துவிட்டு, பிறகு கூட்டத்தில் வைப்பார்கள். அவசரத்துக்கு இது தேவைதான். ஆனால் அதே மோட்டார் அடிக்கடி இதே வழியில் வருகிறதென்றால், 'போன தடவை மாற்றிய பாகம் என்ன ஆனது?' என்று ஒருவராவது எழுந்து கேட்க வேண்டும். அஜெண்டாவைப் படித்துவிட்டு வந்தவர் கேட்பார். படிக்காதவர் 'ஆல் பாஸ்' என்று மேஜையைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போவார். இரண்டு வகையினரையும் நிறையப் பார்த்திருக்கிறேன். நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் எல்லோரும் முதல் வகை என்று நினைத்துவிட வேண்டாம்.

2016 அக்டோபரில் அப்போதைய கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல்தான் நடந்தது. நடுவில் தனி அலுவலர்கள் நிர்வாகம் பார்த்தார்கள். அப்போதும் தெருவிளக்கு எரிந்தது, குப்பையும் அள்ளப்பட்டது. ஆனால் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஏன் என்று கேட்க ஆளில்லை.

சரி, எதைக் கவுன்சிலரிடம் கேட்கலாம், எதைக் கேட்டுப் பயனில்லை? குடிநீர், தெருவிளக்கு, குப்பை, ஓடை, தெருச்சாலை, சொத்துவரி, பிறப்பு இறப்புச் சான்று, பஸ் நிலையம், சந்தை எல்லாம் மாநகராட்சி வேலை. பட்டாவுக்குத் தாலுகா ஆபீஸ், ரேஷன் கார்டுக்கு உணவு வழங்கல் துறை, கரண்ட் போனால் மின்வாரியம். பார்வதிபுரம் மேம்பாலத்துக்கும் தேசிய நெடுஞ்சாலைத் துறைதான் பொறுப்பு. அங்கே பள்ளம் விழுந்தால் வார்டு கவுன்சிலரைத் திட்டுவது பாவம். நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணை வற்றினாலும் அவர் மழையைக் கொண்டுவர முடியாது. ஆனால் இருக்கிற தண்ணீரை எந்தப் பகுதிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை விடுகிறார்கள், கடைசித் தெருவுக்கு ஏன் போய்ச் சேரவில்லை என்பதை அவர் கேட்டே ஆக வேண்டும். ஓர் அம்மா ஒரு கவுன்சிலரை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டது நினைவுக்கு வருகிறது: "மக்கா, ஓட்டு கேக்க நேரே வந்தியே, இந்தப் பைப்புல தண்ணி வரல்லியே, அதுக்கு எப்ப வருவ?"

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான விஷயம். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. ஆனால் சில வார்டுகளில் பெயர்ப்பலகையில் மனைவி, பேச்சுவார்த்தையில் கணவர். போனை எடுப்பதும் அவர்தான். நாமும் அவரையே 'கவுன்சிலர்' என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். ஜெயித்த அம்மாவிடமே நேரடியாகப் போய்ப் பேசுங்கள். அப்புறம், மன்ற உறுப்பினராக இருந்துகொண்டே அந்த மன்றத்தின் கான்ட்ராக்டை எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. பினாமி பெயரில் எடுத்தாலும் கதை அதேதான்.

பகுதி சபைக் கூட்டம் என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. 2022 நவம்பர் 1-இல் மாநிலம் முழுக்க முதன்முறையாக நடந்தது. நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாளும் நவம்பர் 1 என்பதால் தேதி மறக்காது. ஊராட்சிக்குக் கிராமசபை இருப்பதுபோல நகரத்துக்கு இது. அடுத்த கூட்டம் எங்கே, எப்போது என்று உங்கள் கவுன்சிலரிடமே கேளுங்கள்.

புகார் சொல்வதை வாய்வார்த்தையோடு விடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் வார்டு எண், தெருப் பெயர், விளக்கென்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண், எத்தனை நாளாக எரியவில்லை என்பதை எழுதுங்கள். இரண்டு நகல் எடுத்து, மூலத்தை அலுவலகத்தில் கொடுத்து, ஒரு நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொண்டு, மற்றதைக் கவுன்சிலர் கையில் கொடுங்கள். மன்றக் கூட்டம் முடிந்த மறுநாள் அவரைப் பார்த்து, நம் தெரு விஷயத்தைப் பேசினீர்களா, ஆணையர் என்ன பதில் சொன்னார் என்று கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.