மனத்தால் வாடகை கட்ட முடியுமா?

நடுவர் அவர்களுக்கும், ஆடித் திருவிழாவின் வண்டி வேடிக்கை பார்த்த தூக்கக் கலக்கத்தோடு வந்து அமர்ந்திருக்கும் சேலம் குகைப் பகுதிப் பெருமக்களுக்கும் வணக்கம்.

"சமயங்கள் கேட்கும் தியாகம் பொருளிலா, மனத்திலா?" என்பது தலைப்பு. நான் மனத்தின் பக்கம். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "மனந்தான் பெரிது என்னும் இவர்கள் இந்த மண்டபத்துக்கு மனத்தாலேயே வாடகை கட்டிவிடுவார்களா?" என்று கேட்டார். நீங்கள் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன்.

ஆனால் ஐயா, வாடகை என்ன, கோயிலையே மனத்தால் கட்டிய ஒருவர் திருநின்றவூரில் இருந்தார். பூசலார் என்று பெயர். கையில் காசில்லை, தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. நெஞ்சுக்குள்ளேயே கல் சேர்த்து, தச்சரைக் கூட்டி, நாள் பார்த்து அடித்தளமிட்டு, விமானம் எழுப்பி, கிணறும் குளமும்கூட வெட்டிவிட்டார் என்கிறது பெரியபுராணம். அதே நேரத்தில் காஞ்சியில் காடவர் கோமான் என்னும் பல்லவ அரசன் உண்மையான கல்லால் கோயில் எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறான். இறைவன் அவன் கனவில் வந்து, "நாளை நான் பூசலாரின் கோயிலுக்குப் போக வேண்டும், நீ வேறு நாள் பார்" என்கிறார். அரசனுக்கே தேதி மாறிப்போயிற்று, ஐயா! அவன் நின்றவூருக்கு வந்து, "பூசலார் கட்டிய கோயில் எங்கே?" என்று கேட்டால், அப்படி ஒரு கோயிலே இங்கு இல்லை என்கிறார்கள் ஊரார். அன்று எதிரணித் தலைவர் அந்த ஊரில் இருந்திருந்தால், பட்டா எங்கே என்று கேட்டிருப்பார்.

பக்ரீத் பலியான குர்பானியைச் சொல்லி மடக்கப் பார்த்தார்கள். இறைச்சியைப் பங்கிட்டு ஏழைக்கும் உறவுக்கும் கொடுப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பலியைப் பற்றிப் பேசும் குர்ஆனே 22ஆம் அத்தியாயத்தில், அவற்றின் இறைச்சியும் இரத்தமும் இறைவனைச் சென்றடைவதில்லை, உங்கள் இறையச்சமே சென்றடைகிறது என்கிறது. கி.பி. 70இல் உரோமானியர் எருசலேம் ஆலயத்தை இடித்தபோது யூதர்களின் பலிபீடம் போயிற்று; சமயம் போகவில்லை, பலியின் இடத்தில் வழிபாட்டுச் சொற்கள் வந்து அமர்ந்தன. காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்திருந்த இயேசுவின் கண்ணில் நின்றது ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு சிறு காசுகள். ஆயிரம் வேள்வியைவிட ஓருயிரைக் கொன்று உண்ணாமை நன்று என்று வள்ளுவர் 259ஆம் குறளில் முடித்துவிட்டார். இவற்றை விரைந்து சொல்லிக் கடக்கிறேன். என் பெரியப்பா காத்துக்கொண்டிருக்கிறார்.

பெரியப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை. ஒருமுறை கண்ணில் நோய் வந்தபோது, குணமானால் அரைக் கிலோ வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டார். கண் குணமாயிற்று, அன்று முதல் அந்தக் கண்ணால் அவர் பார்த்ததெல்லாம் வெள்ளி விலையைத்தான். ஏறினால், "இறங்கட்டும்" என்பார். இறங்கினால், "இன்னும் இறங்கும்" என்பார். பதினொரு ஆடி போயிற்று. அரைக் கிலோ கால் கிலோவாகி, நூறு கிராமாகி, கடைசியில் ஒரு தகடாயிற்று. அதன் கனம் என்ன தெரியுமா? பூசாரி தட்டில் வைத்தார், சுவரிலிருந்த மின்விசிறி திரும்பியது, ஒரு கண் பறந்துவிட்டது! மீண்டும் சொல்கிறேன், அம்மனுக்குச் சாத்த வந்த கண் அம்மனைப் பார்க்காமலே பறந்துவிட்டது. கூட்டமே குனிந்து தேடுகிறது. மாவிளக்கு வைத்திருந்த பாட்டி, மிட்டாய்த் தாள் என்று நினைத்து அதைத் தூக்கி எறிகிறார். பூசாரி பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, ஒரு கண்ணுதான் வந்திருக்குது, இன்னொண்ணு வெலை பாத்துட்டு வருதுங்களா?"

பொருள்தான் தியாகம் என்றால், பெரியப்பா வெள்ளியைக் கொடுத்துவிட்டார், எதிரணி அவருக்கு மாலை போடட்டும்.

எனக்கு ஆறு வயதில் டைபாய்டு. காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த காயையும் பழத்தையும் விட்டு வருவார்கள். காசிக்குப் போக வழியில்லாத என் அம்மா, கோட்டை மாரியம்மன் சந்நிதியில் நின்று மாம்பழத்தை விட்டிருக்கிறார். சேலத்தில் பிறந்து, சேலத்திலேயே வாழ்க்கைப்பட்டு, மாம்பழத்தை! முப்பத்து நான்கு ஆண்டுகளாக மல்கோவாவைத் தோல் சீவி எங்களுக்குத் துண்டு போட்டுவிட்டு, கொட்டையைக்கூடச் சப்பாமல் கையைக் கழுவிக்கொள்வார். கேட்டால், "எனக்குச் சூடு, ஒத்துக்காது" என்பார். நாங்களும் நம்பினோம். இந்த ஆண்டு பொங்கலுக்கு வந்த சின்னம்மா வாய் தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

சென்ற மாதம் என் மகள் ஒரு துண்டை எடுத்துப் பாட்டியின் வாயருகே நீட்டினாள். "ஒத்துக்காது கண்ணு" என்று சிரித்தவர், குழந்தையின் கை வீணாகக் கூடாதென்று அதை வாங்கி, அருகிலிருந்த என் வாயில் வைத்தார். அந்தத் துண்டை என்னால் உடனே விழுங்க முடியவில்லை, நடுவர் அவர்களே.