ஆண்டவர் இடாத கட்டளை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். கத்தோலிக்கக் குருக்களுக்கு மணத்துறவு, அதாவது திருமணம் செய்யாமல் வாழ்வது, கட்டாயமா, அவரவர் விருப்பமா என்ற தலைப்பில், விருப்பமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர் பவுலடியாரைத் துணைக்கு அழைத்தார். மணமாகாதவர் ஆண்டவருக்குரியவற்றில் அக்கறை கொள்கிறார் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், 7ஆம் அதிகாரம் 32ஆம் வசனத்தில் இருக்கிறதே என்றார். இருக்கிறது. ஆனால் அங்கேயே கொஞ்சம் மேலே போய் 25ஆம் வசனத்தைப் பாருங்கள். மணமாகாதவர்களைக் குறித்து ஆண்டவருடைய கட்டளை எதுவும் தம்மிடம் இல்லை, தம் கருத்தையே சொல்வதாக எழுதுகிறார். அப்புறம் 35ஆம் வசனத்துக்கு வாருங்கள். உங்கள் நன்மைக்காகவே சொல்கிறேன், உங்களைக் கண்ணியில் மாட்டிவைக்க அல்ல என்கிறார். எதிரணி எடுத்தாண்ட வசனத்துக்கு முன்னும் பின்னும் பவுலே காவல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், ஐயா! 9ஆம் அதிகாரத்தில், கேபா தம் மனைவியை உடன் அழைத்துச் சென்றதையும் அவர்தான் சொல்கிறார். அந்தக் கேபா வேறு யாருமல்ல, முதல் திருத்தந்தை என்று நாம் போற்றும் பேதுரு.

வழக்கம் பழையது என்பதை நான் மறுக்கவில்லை. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்பெயினில் ஆயர்கள் கூடிய எல்விரா சங்கம் மணமான குருக்களை மனைவியரிடமிருந்து விலகியிருக்கச் சொன்னது. 1139இல் இரண்டாம் லாத்தரன் சங்கம், குருவானவர் செய்யும் திருமணமே செல்லாது என்றது. ஆனால் இது இலத்தீன் திருச்சபையின், அதாவது கத்தோலிக்கத்தின் மேற்கத்தியப் பிரிவின், ஒழுங்கு. அதே திருத்தந்தையின் கீழ் இருக்கும் உக்ரேனியக் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையில், மணமானவர் குருப்பட்டம் பெறலாம். குருத்துவத்தின் இயல்பே மணத்துறவைக் கேட்பதில்லை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் எழுதிவைத்தது.

ஹவாயின் மொலோக்காய் தீவில் தொழுநோயாளரோடு வாழ்ந்து, அந்த நோயாலேயே 1889இல் இறந்த குருவானவர் புனித தமியானை எதிரணியினர் சொன்னார்கள். அவர் பெயரைக் கேட்டாலே எனக்கும் நெஞ்சு நெகிழும். அவர் துறவற சபையில் சேர்ந்து, மணம் செய்யாமல் வாழ்வேன் என்று தாமே மனமுவந்து வார்த்தைப்பாடு கொடுத்தவர். அந்த வார்த்தைப்பாட்டை எங்கள் அணி தொடவே இல்லை.

எங்கள் கவலை அமேசான் காட்டில் இருக்கிறது. அங்கே சில ஊர்களுக்குக் குருவானவர் திரும்பி வர மாதங்கள் அல்ல, ஆண்டுகளே ஆகிவிடுவதுண்டு. கிறிஸ்தவ வாழ்வின் ஊற்றும் உச்சியும் குருவானவர் திருப்பலியில் நிறைவேற்றும் நற்கருணை என்று கற்பிக்கிறோம். அந்த நற்கருணை இல்லாமல் அந்த மக்கள் காத்திருக்கிறார்கள். சாகக்கிடப்பவருக்கு எண்ணெய் பூசி மன்றாடும் நோயில்பூசுதல் கொடுக்கக்கூட ஆள் இல்லை. 2019 அக்டோபரில் உரோமையில் கூடிய அமேசான் ஆயர் மன்றம், குருவுக்கு அடுத்த படியில் பணிசெய்யும் திருத்தொண்டர்களில் தகுதியுள்ள மணமானவர்களைக் குருக்களாக்கலாம் என்று 128க்கு 41 என்ற வாக்கில் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட அறிவுரை மடலில் அதற்கு இடமில்லை.

நடுவர் அவர்களே, ஆங்கிலிக்கன் சபையிலிருந்து வரும் மணமான போதகர், திருத்தந்தை தரும் விலக்கோடு கத்தோலிக்கக் குருவாகி, மனைவி மக்களோடு வாழ்ந்துகொண்டே திருப்பலி நிறைவேற்றலாம். பிறந்ததிலிருந்து கத்தோலிக்கராக வாழ்ந்து, திருத்தொண்டராகித் திருமுழுக்குக் கொடுத்து, மறையுரை ஆற்றி, இறந்தவரை அடக்கம் செய்துவைக்கும் அமேசான் குடும்பத்தலைவர் மட்டும் ஏன் கூடாது? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தம் உரையைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.