ஆளில்லாத மைதானத்தில் கம்பன்

வணக்கம். பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில் பாரதப்புழையை ஒட்டிய பல பகவதி கோயில்களில், ஜனவரியிலிருந்து மே வரைக்கும் ராத்திரி ராத்திரியாகக் கம்பராமாயணம் நடக்கிறது. பாட்டு தமிழ். விளக்கம் தமிழும் மலையாளமும் கலந்தது. தோல்பாவைக்கூத்து என்று பெயர். ஆடுவது தோலில் வெட்டிய பாவைகள். எதிரே உட்கார்ந்து பார்க்கப் பல இரவுகளில் ஆளே கிடையாது. அந்த ஆளில்லாத விஷயத்தைப் பற்றித்தான் இன்றைக்குக் கொஞ்சம் பேச வந்திருக்கிறேன்.

நம் ஊர்ப் பாவைக்கூத்தை நினைத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள். இங்கே மராத்தி பேசும் குடும்பங்கள் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு ஆடினார்கள். வண்ணப் பாவைகள், உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அடிக்கும் கூத்துக்கே பாதிக் கூட்டம் வரும். கேரளத்தில் அம்மன் கோயிலை ஒட்டி நிரந்தரமாகக் கட்டிய கூத்துமாடம் இருக்கும். திரையில் மேல்பாதி வெள்ளை, கீழே கறுப்பு. பின்னால் நீள வரிசையில் 21 விளக்குகள். உடைத்த தேங்காய் மூடிகளில் எண்ணெயும் திரியும். பாவை முன்பு மான்தோலில் செய்தது. நிழல் கறுப்பாகவே விழும், நகையும் ஆடையும் மட்டும் பொத்தல்களின் வழியே ஒளிப் புள்ளிகளாகத் தெரியும்.

இதெல்லாம் யாருக்காக? பத்ரகாளிக்காக. ராமன் ராவணனோடு சண்டை போட்ட அதே நேரத்தில் அவள் தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்தாளாம். ராவண வதத்தைப் பார்க்க முடியவில்லையே என்று அவளுக்குக் குறை. அதைத் தீர்க்கத்தான் ஆண்டுதோறும் கூத்து. கோயிலிலிருந்து விளக்கு கூத்துமாடத்துக்கு வரும், அந்தச் சுடரிலிருந்து 21 விளக்கையும் ஏற்றுவார்கள். அப்புறம் எதிரே ஆள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1980களில் இந்தக் கூத்துமாடங்களில் பல இரவுகள் உட்கார்ந்தார். கூட்டம் இல்லை, ஆகவே கலை அழிகிறது என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். சுற்றுலாக் கையேடுகள் அதைத்தான் எழுதுகின்றன. அவர் வேறு கேள்வி கேட்டார். வெளியே கேட்க ஆளில்லாதபோது உள்ளே என்ன நடக்கிறது? புலவர்கள், அதாவது பாவையை ஆட்டிப் பாட்டும் விளக்கமும் சொல்பவர்கள், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்கள், ஒருவருக்கு மற்றவரே சபை என்பது அவர் கண்டது. இந்தக் கூத்தைப் பற்றி வந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

திரைக்குப் பின்னால் போனால் அது கண்கூடாகத் தெரியும். ஒருவர் கம்பன் பாட்டைச் சொல்கிறார். பாவையைக் கையில் பிடித்துக்கொண்டே இருப்பதில்லை. முள்ளால் திரையில் குத்தி நிறுத்திவிடுகிறார். ராமனும் விபீஷணனும் அப்படியே நிற்க, பேச்சு கிளம்புகிறது. ஒருவர் கேட்க, இன்னொருவர் சொல்ல, பாட்டிலிருந்து இலக்கணம், இலக்கணத்திலிருந்து புராணம், அங்கிருந்து தத்துவம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு மூலையில் இன்னொரு புலவர் தன் முறை வரும்வரை பாயில் தூங்குவார். நேரம் போவது கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் கண்ணுக்கு அங்கே அதிக வேலை இல்லை. காதுக்குத்தான் வேலை. இந்தப் பாட்டையும் விளக்கத்தையும் ஆடல்பற்று என்பார்கள். ஏட்டில் எழுதி வைத்ததும் உண்டு, வாயால் வளர்ந்ததும் உண்டு.

கம்பனை அவர்கள் அப்படியே ஒப்பிக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சூர்ப்பணகைக்கு சம்புகுமாரன் என்று ஒரு மகன். காட்டில் தவத்தில் இருந்த அவனை லட்சுமணன் தெரியாமல் வெட்டிவிடுகிறான். இது கம்பனில் கிடையாது, கூத்தில் உண்டு. இதை முன்னால் வைத்ததும் சூர்ப்பணகை வெறும் காமத்தில் வந்து நிற்கிறவள் இல்லை, பிள்ளையைப் பறிகொடுத்த தாய். கம்பனின் அடிகளை மாற்றாமலே அவற்றின் கனத்தை மாற்றிவிட்டார்கள்! நம் பட்டிமன்றங்களில் சூர்ப்பணகைக்கு இவ்வளவு நியாயம் கிடைத்து நான் கேட்டதில்லை.

இப்போது மேடைக்கு வருவோம். ஷொரணூர் பக்கத்துக் கூனத்தறையில் கிருஷ்ணன்குட்டிப் புலவர் இதைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தார். அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். காந்தி கதை நிழலில் வந்தது, பெண்களும் திரைக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். இதையெல்லாம் கலப்படம் என்று முகம் சுளிக்க எனக்கு மனமில்லை. கோயில் கொடுக்கும் சன்மானத்தை மட்டும் நம்பி ஒரு குடும்பம் எத்தனை நாள் ஓட்ட முடியும்?

ஆனால் ஒரு மணி நேர மேடைக்கு என்ன போகிறது, என்ன தங்கிவிடுகிறது என்று பாருங்கள். சண்டை மேடைக்குப் போகிறது, மான் துள்ளுவதும் போகிறது. பேச்சு கூத்துமாடத்திலேயே தங்கிவிடுகிறது, ஏனென்றால் டெல்லி அரங்கில் இருப்பவருக்குத் தமிழ்ப் பாட்டும் புரியாது, அதன் விளக்கமும் புரியாது. ஆகவே உலகம் தெரிந்துகொள்ளும் தோல்பாவைக்கூத்து ஓர் அழகான நிழல்படம். புகைப்படத்துக்கும் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்கும் அது நன்றாகப் பொருந்துகிறது. கூத்துமாடத்தில் எட்டு மணி நேரத்தை நிரப்புவது எதுவோ அது பொருந்துவதில்லை. பாவையைச் சேகரிக்க ஆள் இருக்கிறது. விளக்கத்தை இரவு முழுக்கப் பதிவுசெய்து எழுத்தில் கொண்டுவரத் தமிழும் மலையாளமும் கம்பனும் தெரிந்தவர் வேண்டும். கம்பன் கழகங்களுக்கு இது தூரத்து வேலையும் இல்லை. கோவையிலிருந்து பாலக்காடு ஒரு மணி நேரப் பயணம்தானே!

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. நாகபாசத்தை அறுக்கக் கருடன் வரும் இரவிலும் பட்டாபிஷேகத்தன்றும் கூட்டம் இருக்கும், அந்த நாட்களை விட்டுவிடுங்கள். நடுவில் சாதாரணமாக ஓர் இரவு போங்கள். ஒரு போர்வை, ஒரு டார்ச், யுத்த காண்டம் ஒரு பிரதி, இவை போதும். பாட்டு தொடங்கியதும் பக்கத்தைத் தேடிப் பிடியுங்கள். எந்த அடியில் அவர்கள் கம்பனை விட்டு விலகுகிறார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வரலாம்.