எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வாளையாரிலும் வேலந்தாவளத்திலும் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தை நம் கேரள-தமிழ்நாடு எல்லைப்பகுதி வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2017இல் ஜி.எஸ்.டி. வந்த பின் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் போய்விட்டன. சோதனை போகவில்லை. பறக்கும் படை எந்த இடத்திலும் கையைக் காட்டலாம், வண்டியை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் நிறுத்திய பிறகு அதிகாரி எப்படி நடக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்லியிருக்கிறது. அந்தப் பாதியை நம்மில் பலர் கேட்டதே இல்லை. அதனால்தான் இன்று பேச வந்தேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து காங்கேயம் எண்ணெய் ஆலைக்கு 6 லட்சம் ரூபாய்க் கொப்பரை போகிறது என்று வைத்துக்கொள்வோம். பில் சரி, வரி சரி. ஆனால் சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லில் லாரி எண்ணின் ஓர் இலக்கம் தவறாகப் பதிவாகியிருக்கிறது. கொப்பரைக்கு வரி 5 சதவீதம், அதாவது 30,000 ரூபாய். ஜி.எஸ்.டி. சட்டத்தில் சரக்கைப் பிடித்து வைக்கும் 129ஆம் பிரிவைப் போட்டால், உரிமையாளர் முன்வரும்போதும் அபராதம் வரியைப் போல் இரு மடங்கு, 60,000 ரூபாய். ஓட்டுநர் பதறுகிறார், முதலாளிக்குப் போன் போடுகிறார், பணம் கட்டப்படுகிறது.

அந்த 60,000 ரூபாயைக் கட்ட வேண்டியதே இல்லை. 2018 செப்டம்பர் 14 அன்று மத்திய மறைமுக வரி வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை, மற்ற ஆவணங்கள் சரியாக இருக்கும்போது வண்டி எண்ணில் ஒன்றிரண்டு இலக்கப் பிழை, பெயரில் எழுத்துப் பிழை போன்றவற்றுக்கு 129ஆம் பிரிவைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அதற்கான அபராதம் மொத்தம் 1,000 ரூபாய். அந்தச் சுற்றறிக்கையின் நகலை ஒவ்வொரு லாரியிலும் வையுங்கள். நடு இரவில் சாலையோரம் தனியாக நிற்பவர் ஓட்டுநர். அவர் கையில் ஒரு தாளாவது இருக்க வேண்டும்.

வண்டியை அரை மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தால் அதை இ-வே பில் தளத்திலேயே பதிவு செய்யலாம். ஜி.எஸ்.டி. விதி 138டி அதற்காகவே இருக்கிறது. வழியில் ஓரிடத்தில் சரக்கைப் பரிசோதித்துவிட்டால், வரி ஏய்ப்பு பற்றிக் குறிப்பான தகவல் பின்னர் வந்தால் ஒழிய, மறுபடியும் பரிசோதிக்கக் கூடாது. கேரளத்தில் பார்த்த வண்டியைத் தமிழ்நாட்டில் இன்னொருமுறை பிரிப்பதற்கும் இது பொருந்தும்.

சரக்கைப் பிடித்தே விட்டார்கள் என்றால், 7 நாளுக்குள் நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 7 நாளுக்குள் உத்தரவு வர வேண்டும். இடையில் உங்கள் தரப்பைக் கேட்காமல் அபராதம் விதிக்க முடியாது. சரக்கு கெட்டுவிடுமே என்ற கவலை நியாயமானது. அதற்காகப் பணமாகத்தான் கட்ட வேண்டும் என்பதில்லை, வங்கி உத்தரவாதம் கொடுத்தும் சரக்கை மீட்கலாம். அவசரத்தில் பணத்தைக் கட்டிவிட்டவர்கள்கூட, 'கட்டியாயிற்று, கதை முடிந்தது' என்று விட்டுவிட வேண்டாம். பணம் கட்டினாலும் காரணங்களோடு எழுத்தில் உத்தரவு போட்டே ஆக வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எழுத்தில் உத்தரவு இருந்தால்தான் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீட்டுக்குப் போக முடியும். ஆகவே பணிவாக, ஆனால் விடாமல், "சார், உத்தரவை எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

கடைச் சோதனையிலும் இதே முறைதான். சோதனை நடக்கும்போதே வற்புறுத்தி வரியை வசூலிக்கக் கூடாது என்று மத்திய ஜி.எஸ்.டி. அதிகாரிகளுக்கு 2022 மே 25 தேதியிட்ட அறிவுறுத்தல் இருக்கிறது. "இப்போதே கட்டினால் போய்விடுவோம்" என்று யாராவது சொன்னால், அது உங்களுக்குச் செய்யும் சலுகை அல்ல.

மலையாளமும் ஆங்கிலமும் எழுத வராததாலேயே வாய்மூடி இருந்துவிடுகிறவர்கள் நம் சித்தூர் வட்டத்திலும் தேவிகுளத்திலும் நிறைய. எனக்கு மிகவும் மன வருத்தம் தருவது இதுதான். அரசியலமைப்பின் 350ஆம் பிரிவின்படி, மத்திய அதிகாரிக்குத் தமிழில் மனுக் கொடுக்கலாம். கேரள அரசைப் பொறுத்தவரை, 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும்.

எழுதுங்கள். வண்டி எண், நிறுத்திய இடம், நேரம், கேட்ட தொகை, சொன்ன காரணம் எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால், அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.